தீயணைப்புப் படகைத் தேடி… மருதையாற்றோடு ஒரு பயணம்!

ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் முன்னால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு வந்த வேலை, 40 நொடி வீடியோ ஒன்றுக்குத் தலைப்பு வைப்பது. நியூயார்க் துறைமுகம். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய படகு. மூக்கிலிருந்தும் தலையிலிருந்தும் முதுகிலிருந்தும் தண்ணீரை வானத்துக்கு விசிறி அடிக்கிறது. பின்னணியில் இசை. 'தீயை அணைக்கும் படகு பார்த்திருக்கீங்களா?' என்று தலைப்பு வைத்து ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

பெரம்பலூரிலிருந்து அம்மா போன். என் வேலையைத் தவறாமல் பார்க்கிற ஒரே வாசகி அவர்தான்.

"ஏம்மா, அந்தப் படகு ஒரு நிமிஷத்துக்கு எவ்ளோ தண்ணி அடிக்கும்?"

தேடிப் பார்த்துச் சொன்னேன். 'த்ரீ ஃபார்ட்டி த்ரீ' என்ற அந்தப் படகு நிமிடத்துக்கு 50,000 கேலன் இறைக்கும். நம் கணக்கில் சுமார் 1,89,000 லிட்டர்.

"அப்போ நம்ம வெங்காயக் காட்டுக்கு?"

அதையும் கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதாவது, ஒரு நிமிடத்தில் ஒரு ஏக்கருக்கு ஒரு நல்ல பாய்ச்சல். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கிணற்றில் மோட்டார் போட்டால் முக்கால் மணி நேரத்தில் காற்று இழுக்கிற ஊர்க்காரர்.

"நம்ம ஊருக்கு எதுக்கும்மா படகு... சரி, ஆடி 18-க்கு மாமா வீட்டுக்குப் போகணும். லீவு போட்டுட்டு வா."

அந்தப் பயணம்தான் இது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகக் கொள்ளிடக் கரை வரை. மாமா வீட்டுக்கு நூறு முறை போயிருப்பேன். இந்த முறை தலைக்குள் ஒரு படகு ஓடிக்கொண்டே இருந்ததால், வழி வேறு மாதிரி தெரிந்தது.

பருத்தி ஏற்றிய கப்பல்

பெரம்பலூர் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மாவட்டம். இங்கே தீயணைப்பு வண்டி என்றால் எங்களுக்கு நினைவு வருவது இரண்டுதான். ஒன்று, எரிகிற வைக்கோல் போர். மற்றொன்று, கிணறு. மாடு விழும், நாய் துரத்திய மான் விழும், சில நேரம் மனிதர்களும். அதனால்தானோ என்னவோ, அந்தத் துறையின் பெயரிலேயே 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்' என்று இரண்டும் இருக்கின்றன.

வைக்கோல் போர் எரிவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வண்டி வரும், பீய்ச்சி அடிக்கும், தீ படிகிற மாதிரி இருக்கும். அப்போது வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிடும். நாம் சாலையில் பார்க்கிற வழக்கமான தீயணைப்பு வண்டி ஒன்று 4,500 லிட்டர் பிடிக்கும். பக்கத்தில் ஏரி இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் யார் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று ஓட வேண்டும். அந்த நியூயார்க் படகுக்கு அந்த 4,500 லிட்டர் ஒன்றரை நொடிக்குக்கூடக் காணாது.

தீயணைப்புப் படகின் முதல் ரகசியமே இதுதான். அதில் தண்ணீர்த் தொட்டி கிடையாது. மிதக்கிற ஆறோ கடலோதான் அதன் தொட்டி. படகின் அடிவயிற்றில் சல்லடை போட்ட திறப்பு இருக்கும். அதன் வழியே பம்ப் தண்ணீரை உறிஞ்சி, மேலே இருக்கும் நீர்ப்பீரங்கிகளுக்குத் தள்ளும். டீசல் இருக்கும்வரை தண்ணீர் தீராது.

இரண்டாவது ரகசியம், தோட்டத்தில் ஹோஸ் பிடித்தவர்களுக்குத் தெரியும். மோட்டார் போட்டதும் குழாய் முனை நம் கையை உதறிக்கொண்டு பின்னால் தள்ளும் இல்லையா? துறைமுகக் கப்பல்களில் இருக்கிற ஒரு நீர்ப்பீரங்கி மணிக்கு 12 லட்சம் லிட்டர் அடித்தால், அது கப்பலைத் திருப்பித் தள்ளும் விசை சுமார் ஒன்றரை டன். நிலத்தில் நிற்கும் வண்டிக்கு டயர் பிடிமானம் உண்டு. தண்ணீரில் என்ன பிடிமானம்? பீரங்கியைத் திறந்ததும் படகு பின்வாங்கும், பக்கவாட்டில் அடித்தால் சாயும். ஆகவே, நல்ல தீயணைப்புப் படகின் வடிவமைப்பில் பாதி வேலை தண்ணீரை அடிப்பது. மீதிப் பாதி, அடித்துக்கொண்டே நின்ற இடத்தில் நிற்பது. கனமான என்ஜின்களையும் பம்புகளையும் கீழே வைப்பதும், அகலமான உடல் கட்டுவதும், ஓட்டுபவர் நொடிக்கு நொடி என்ஜினை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருப்பதும் அதற்காகத்தான்.

சென்னையில் இப்படிப் படகு இருக்கிறதா என்று வீடியோவின் கீழே நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். நம் துறைமுகங்களில் பெரும்பாலும் கப்பல்களை இழுத்து, தள்ளி, துறையில் சேர்க்கிற இழுவைக் கப்பல்களே இந்த வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. அவற்றின் முதல்நிலைத் தகுதிக்கே ஒரு கணக்கு இருக்கிறது: மணிக்கு 24 லட்சம் லிட்டர், 120 மீட்டர் தூரம், 45 மீட்டர் உயரம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தின் கீழே அந்தக் கப்பல் நின்றால், உச்சியைத் தொட ஏறக்குறைய 10 மீட்டர்தான் குறையும். (கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜேந்திர சோழன் தலைநகரம் அமைத்தது அரியலூர் மாவட்டத்தில்தான். படகுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது!)

பெரம்பலூரில் தீயணைப்பு நிலையத்தைக் கடக்கும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 அன்று நாடு முழுக்க எல்லா நிலையங்களிலும் உயிர்நீத்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்துவார்கள். தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையில் அது நமக்குத் தெரியாமலே போய்விடும். அந்தத் தேதி வந்ததும் ஒரு கப்பல் தீயால்தான்.

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா டாக். 'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள்களும் கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பஞ்சில் தீ. பருத்தி விளைகிற ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இறுக்கிக் கட்டிய பொதிக்குள் கங்கு போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே கனன்றுகொண்டேதான் இருக்கும். தீயணைப்பு வீரர்கள் கப்பலுக்குள் தண்ணீரைக் கொட்டினார்கள். தண்ணீர் நிறைய நிறைய, எரிகிற பஞ்சு அதில் மிதந்து மேலே ஏறியது. மேலே வெடிபொருள்கள். மாலை 4.06-க்குக் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள்.

தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில் நடந்தது அது. எவ்வளவு அடிக்கிறோம் என்பதைவிட எங்கே அடிக்கிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்பது முக்கியமாகிவிட்டது. இன்றைய படகுகளில் வெப்பத்தைப் 'பார்க்கிற' கேமராவும், எண்ணெய்த் தீக்கு நுரையும், எரியும் கப்பலை அண்டி நிற்கும்போது தன்னையே நனைத்துக்கொள்ளும் தண்ணீர்த் திரையும் வைப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பல மாலைகள் இருக்கின்றன.

மூன்று சேலைகள்

மருதையாறு பச்சைமலைப் பக்கம் பிறந்து, பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து, அரியலூருக்குள் நுழைந்து, கொள்ளிடத்தில் சேர்கிறது. ஆண்டில் பல மாதம் அதை ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மணல், முள், நடுவே ஒரு கோடாகத் தண்ணீர்.

நேராக அரியலூருக்குப் பஸ் ஏறாமல், தம்பியின் பைக்கில் கொட்டரை வழியாகப் போனோம். மருதையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டியிருக்கிற இடம். கரை மேல் வண்டியை நிறுத்திவிட்டு, "எதுக்குக்கா இங்க?" என்றான் தம்பி.

2020 ஆகஸ்ட். கொரோனா காலம், எல்லோரும் ஊரில் இருந்த நேரம். இந்த நீர்த்தேக்கத்தில் குளிக்க இறங்கிய இளைஞர்கள் நால்வர் ஆழத்தில் சிக்கினார்கள். துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் அதைப் பார்த்தார்கள். படகு கிடையாது. கயிறு கிடையாது. யோசிக்க நேரமும் கிடையாது. உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். இருவர் அதைப் பிடித்துக் கரைக்கு வந்தார்கள். மற்ற இருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு அந்த ஆண்டின் சுதந்திர தினத்தில் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

அப்போது அந்தச் செய்தியை நானும் ஷேர் செய்தேன். 'கிரேட்!' என்று எழுதினேன் என்று நினைக்கிறேன். கரையில் நின்று பார்க்கும்போதுதான் வேறொன்று உறைத்தது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். அந்த ஐந்தரை மீட்டருக்குள் இருந்தவர்கள் வந்துவிட்டார்கள்.

நீரில் மூழ்குகிறவருக்கு நேரம் நிமிடக் கணக்கில்தான். மூச்சு நின்று நாலைந்து நிமிடம் போனால் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். உலகத்தில் எவ்வளவு பெரிய படகு இருந்தாலும், அந்த நாலைந்து நிமிடத்துக்குள் வருகிற தூரத்தில் இல்லையென்றால் அது வீடியோ எடுக்க மட்டும்தான் பயன்படும். நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களில் தீயணைப்புப் படகை ஊருக்குள் ஷெட்டில் வைப்பதில்லை. தண்ணீரிலேயே கட்டி வைக்கிறார்கள். ஆள் ஏறினால் கிளம்ப வேண்டியதுதான்.

தம்பி கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் நீச்சல் தெரியாது. "கிளம்பலாம்க்கா" என்றான்.

பாலம் இருந்த இடம்

அரியலூர் நெருங்க நெருங்கச் சிமென்ட் லாரிகள் கூடும். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் சாலையிலிருந்தே தெரியும். இந்தச் சுண்ணாம்பு எல்லாம் கடல் விட்டுப் போனது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலுக்கு அடியில் கிடந்தது. கடல் உயிரிகளின் புதைபடிமங்களை வைத்து வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் போய்விட்டு, வீட்டுக்கு வந்து 'நம்ம ஊரு ஒரு காலத்துல கடல்' என்றபோது, 'அதான் போர்ல உப்புத் தண்ணியா வருது' என்றார் அப்பா.

ஆனால், இந்த மண்ணில் தண்ணீர் காட்டிய கோரத்துக்கு அவ்வளவு பின்னால் போக வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23, விடியாத நேரம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. மழையில் ஆறு பெருகிப் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. பெட்டிகள் வெள்ளத்துக்குள் இறங்கின. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அந்த ராஜினாமா ஒரு மார்க் கேள்வி. எங்கள் பாட்டிக்கு அது வேறு. அதற்குப் பிறகு அடைமழையில் ரயில் ஏற மாட்டேன் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார்.

இன்னொரு தற்செயல்: பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டமானது 2007-ல். அதுவும் நவம்பர் 23-ம் தேதி.

மழை இல்லாத நாளில் ரயிலில் அந்தப் பாலத்தைக் கடந்தால் கீழே ஆடு மேய்வதுகூடத் தெரியும். இந்த ஆற்றிலா ஒரு ரயில் மூழ்கியது என்று தோன்றும். எங்கள் மாவட்டங்களின் பிரச்னையே இதுதான் என்று நினைக்கிறேன். வற்றாத ஆறு ஓடுகிற ஊரில் எல்லோருக்கும் நீச்சல் தெரியும், படகு இருக்கும், பயமும் இருக்கும். பத்து மாதம் காய்ந்து கிடக்கிற ஆற்றை யாரும் ஆறாக மதிப்பதில்லை. அது வரும் நாளில் நம்மிடம் எதுவும் இருக்காது.

படகுகள் இருக்கிற ஊரிலும் அந்த ஒரு நாளுக்காகப் பல வருடம் சும்மா நிற்கத்தான் செய்கின்றன. நியூயார்க்கின் 'ஜான் ஜே. ஹார்வி' 1931-ல் கட்டிய தீயணைப்புப் படகு. வயதாகி, ஓய்வு கொடுத்து, பழைய இரும்புக்குப் போக இருந்ததை 1999-ல் சில ஆர்வலர்கள் சேர்ந்து ஏலத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது, நிலத்துக்கு அடியில் இருந்த தண்ணீர்க் குழாய்களும் உடைந்தன. வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, தண்ணீர் இல்லை. எங்கள் வைக்கோல் போர் கதைதான், அளவு மட்டும் வேறு. 70 வயதுப் படகு கிளம்பி வந்தது. முதலில் கரையில் சிக்கியவர்களை ஏற்றிச் சென்று விட்டது. பிறகு கரையோரம் கட்டிக்கொண்டு, ஹட்சன் ஆற்றின் தண்ணீரை 80 மணி நேரம் நிலத்துக்கு இறைத்துக் கொடுத்தது.

நான் தலைப்பு வைத்த வீடியோவில் இருந்த படகு அதற்குப் பிறகு வந்தது. அன்று இறந்த 343 தீயணைப்பு வீரர்களின் எண்ணிக்கைதான் அதன் பெயர். 2010-ல் பணிக்கு வந்தது. 140 அடி நீளம். நான்கு டீசல் என்ஜின்கள். நச்சுப் புகையோ ரசாயனமோ உள்ளே புகாதபடி, வடிகட்டிய காற்றை அழுத்தமாக நிரப்பி வைக்கிற அறை. காயம்பட்டவர்களைப் படுக்க வைக்க இடம். தண்ணீரில் தத்தளிப்பவரையும் கரையில் நிற்பவரையும் ஏற்றிக்கொள்ள வசதியாக உயரம் மாறும் தளங்கள். இதை எழுதும்போதுதான் கவனித்தேன்: அந்த 40 நொடி வீடியோவில் தண்ணீர் பீய்ச்சுவதை மட்டும்தான் காட்டினோம். ஆளைத் தூக்குகிற வசதிகள் ஒரு ஃப்ரேமில்கூட இல்லை.

லண்டனின் 'மாஸி ஷா' கதையும் அப்படித்தான். தேம்ஸ் ஆற்றுக்காக 1935-ல் கட்டிய தீயணைப்புப் படகு அது. 1940-ல் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் படைவீரர்கள் மாட்டிக்கொண்டபோது, கடலைத் தாண்டிப் போய் 500-க்கும் மேற்பட்டவர்களைக் கரையிலிருந்து எடுத்தது. ஆழம் குறைந்த நீரிலும் போகிற மாதிரிக் கட்டியிருந்ததால், பெரிய கப்பல்கள் நெருங்க முடியாத கரைக்கு அது போக முடிந்தது.

ஆடி 18

கீழப்பழுவூரில் டீ. பழுவேட்டரையர் ஊர் என்று போர்டு வைத்தால் கூட்டம் அள்ளும் என்றான் தம்பி. அங்கிருந்து திருமானூர். மாமா வீடு கொள்ளிடக் கரையில் ஒரு சின்ன ஊரில்.

காவிரியில் வெள்ளம் வந்தால் அதைச் சுமப்பது கொள்ளிடம். முக்கொம்பில் மதகைத் திறந்தால் இங்கே ஏறும். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் இடிந்ததும், முக்கொம்பு அணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதும் நினைவிருக்கும். மற்ற நாளில் இது பாலைவனம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தால் கால் மணி நேரம் ஆகும். நடுவில் திட்டுகள், நாணல், மணல் போன இடத்தில் மடுக்கள். மேலே முழங்கால் தண்ணீர் மாதிரி தெரியும். அடுத்த அடி ஆளை விழுங்கும்.

ஆடி 18 காலையில் படித்துறை முழுக்க மஞ்சளும் பூவும். முளைப்பாரி, காதோலை கருகமணி, வாழையிலையில் பழம், புதுத்தாலிக் கயிறு மாற்றும் பெண்கள். கரையில் ஓரமாக, நான் நான்கு நாளாகத் தலைக்குள் ஓட்டிக்கொண்டிருந்த பொருள் நின்றது.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு ரப்பர் படகு. பக்கத்தில் லைஃப் ஜாக்கெட்டுகள், வளையங்கள், சுருட்டிய கயிறு, காக்கியில் தீயணைப்பு வீரர்கள் சிலர். நீளம் எங்கள் மாமா வீட்டுத் திண்ணை அளவு. நீர்ப்பீரங்கி இல்லை, பம்ப் இல்லை. யாரோ ஓர் அம்மா அதன் மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டிருந்தார்.

கேட்டபோது பொறுமையாக விளக்கினார்கள். காற்று ஒரே பையில் இல்லை, தனித்தனி அறைகளாக இருக்கிறது. ஒன்றில் முள் ஏறினாலும் மற்றவை தாங்கும். கொள்ளிடத்தில் கருவேல முள்ளும் வேலிக் கம்பியும் மிதந்து வரும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. பின்னால் மாட்டியிருக்கும் மோட்டாரை அப்படியே மேலே மடக்கலாம். மணல் தட்டும் இடத்தில் மடக்கிவிட்டுத் துடுப்புப் போட வேண்டும். மூழ்குகிறவரை நெருங்கியதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும், விசிறி ஆளைக் கிழித்துவிடும். நீரோட்டத்தை எதிர்த்து மெல்ல ஏறி நெருங்கினால்தான் படகு சொன்ன பேச்சைக் கேட்கும். ஓட்டத்தோடு போனால் ஆளைத் தாண்டி அடித்துக்கொண்டு போய்விடும்.

அடித்துக்கொண்டே நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது என்று மேலே எழுதினேன் இல்லையா... அதே பிரச்னைதான். ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் இறைக்கிற படகுக்கும் இந்தத் திண்ணை அளவு படகுக்கும் அந்தத் திறமை ஒன்றுதான்.

எங்கள் கொள்ளிடத்துக்கு நியூயார்க் படகு வேண்டாம். வந்தால் முதல் திட்டில் தட்டி நின்றுவிடும். எனக்கு உறுத்தியது வேறு. திருவிழா நாளில் படகு கரையில் இருக்கிறது. மற்ற நாளில் அது இருக்க வேண்டிய இடம் நிலையத்துக் கட்டடம். அழைப்பு வந்த பிறகு வண்டியில் ஏற்றி, ரோட்டில் ஓட்டி, கரையில் இறக்கி, தண்ணீரில் தள்ள வேண்டும். அதற்குள் நாலைந்து நிமிடம் எப்போதோ போயிருக்கும். வெள்ளக் காலத்திலாவது கரையோர ஊர்களில் ஒரு படகும் அதை ஓட்டப் பழகிய நாலு உள்ளூர்ப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பரிசல் தள்ளிய குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன.

மழைக்காலத்துக்கு முன் தீயணைப்புத் துறையினர் பள்ளிகளிலும் கரையோரங்களிலும் ஒத்திகை காட்டுவார்கள். காலி தண்ணீர் கேன், மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பாட்டில்கள், வாழைத்தண்டு எதை வைத்தும் மிதவை கட்டலாம் என்று செய்து காட்டுவார்கள். அதில் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது: மூழ்குகிறவரைக் காப்பாற்ற, பயிற்சி இல்லாமல் நீங்கள் குதிக்காதீர்கள். எதையாவது நீட்டுங்கள், எதையாவது வீசுங்கள், 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

மாமா வீட்டுத் திண்ணைச் சுவரில், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, காற்றடித்த ஒரு டிராக்டர் டியூப் ஆணியில் தொங்கும். அதோடு சேர்த்து முடிச்சுப் போட்ட நைலான் கயிறு. சின்ன வயதில் அதை எடுத்து விளையாடப் போய் அடி வாங்கியிருக்கிறேன். மாமா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். ஏன் என்று கேட்டதில்லை. இந்த முறை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன்.

"நீ நாலாவது படிச்சப்போ, எதிர் வீட்டுப் பையன் போனானே... ஞாபகம் இருக்கா பாப்பா?"

இருந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு இரண்டு பையன்கள் திட்டுக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் ஏறியது. ஒருவன் நாணலைப் பிடித்துக்கொண்டு கிடந்து பிழைத்தான். இன்னொருவன் கரைக்கு வந்துவிடலாம் என்று இறங்கினான்.

"சத்தம் கேட்டு நான்தான் மொதல்ல ஓடுனேன். கையில ஒண்ணுமில்ல. கிணத்துக் கயிறை அவுக்க ஓடுனேன். வாளியில போட்ட முடிச்சு, ஈரத்துல இறுகிக் கெடக்கு. பல்லால கடிச்சு அவுத்தேன். அவுத்துட்டு ஓடுனா..." மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கை தெரிஞ்சுது பாப்பா. அங்க இருந்து அந்தப் புளியமரம் தூரம்தான்."

புளியமரத்தைப் பார்த்தேன். மூன்று சேலை தூரம் இருக்கும்.

மாமா எழுந்துபோய் டியூப்பைக் கட்டை விரலால் அழுத்தினார். "காத்து எறங்கியிருக்கு. ஆடியில தண்ணி தொறந்துட்டான்ல. வா, பஞ்சர் கடை வரைக்கும் போயிட்டு வந்துருவோம்."

டிவிஎஸ் 50-ல் பின்னால் உட்கார்ந்து, டியூப்பை மாலை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். பஞ்சர் கடைப் பையன் எதுவும் கேட்கவில்லை. பழகிய வேலை போல. காற்றடித்து, எச்சில் தொட்டு வால்வில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

திரும்பி வந்ததும் போனை எடுத்து, "மாமா, இதை ஒரு வீடியோ எடுத்துக்கவா?" என்றேன்.

"இதைப் போயி எதுக்கு எடுக்கிற? ஒன் ஆபீஸ்ல சிரிக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, கயிற்றின் முடிச்சை ஒருமுறை அவிழ்த்து, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி திரும்பப் போட்டு, ஆணியில் மாட்டினார்.